மழைக்கு முன் ஓர் இலை

இனயம்,
1 ஏப்ரல் 2024

டெல்சிக்கு,

காலில் மாவுக்கட்டோடு கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு, ஒரு செடிக்குக் காவல் இருக்கப் போன பெண்ணை இந்தக் கடற்கரை இதுவரை கண்டதில்லை என்று அம்மா சொல்கிறாள். எனக்கு ஒரு நேரம் கஞ்சி தருகிறாள், மூன்று நேரம் உன்னைக் குற்றம் சொல்கிறாள்.

நேற்று ஈஸ்டர். பூசை முடிந்து ஊன்றுகோலோடு வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்வி. என் கூட்டாளி அபிலாஷ் சும்மா இருப்பானா?

"டெல்சி எங்கடே?"

"மலையில. அணைக்குள்ள ஒரு தீவுல."

"தீவுலயா! அங்க என்ன சோலி?"

"ஒரு பெரணிச் செடி. அத பன்னி கிளறாம பாத்துக்கிடணும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? விசைப்படகில் இரும்புக் கயிறு அறுந்து கால் ஒடிந்ததை ஊர் மறந்துவிட்டது. இப்போது நான் பெரணிக்காரியின் புருஷன்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறாய், பெரணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினாய். அதிலெல்லாம் எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குருத்தோலை ஞாயிறு அன்று சண்டை போட்டுவிட்டு, திங்கள்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போவதா? போன் அடித்தால் அது செத்துக் கிடக்கிறது. அங்கே சிக்னல் இல்லை, கடிதம்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். குலசேகரம் வரை தபாலில் போய், அங்கிருந்து வனத்துறை வாச்சர் கையில் உனக்கு வருமாம். சரி, எழுதிவிட்டேன். செடிதானே டெல்சி. செடி எங்கும் முளைக்கும். எனக்கு இப்போது ஊன்றி நிற்க ஒரு கால்தான் இருக்கிறது.

லிஜின்


தீவு,
6 ஏப்ரல் 2024

அன்புள்ள லிஜின்,

உங்கள் கடிதம் ஓரம் நனைந்து வந்தது. வாச்சர் கிருஷ்ணமணி அண்ணன் மூங்கில் தெப்பத்தைத் துழாவிக்கொண்டு அதைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

அன்று சண்டையில் நம் இருவருக்கும் சத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

அணை கட்டுவதற்கு முன் இது ஒரு குன்று. தண்ணீர் ஏறியபோது அடிவாரம் முங்கி, உச்சி மட்டும் தீவாக நின்றுவிட்டது. சுற்றியிருந்த சரிவுகளில் ரப்பர் வந்தது, மாடு வந்தது, பன்றி பெருகியது. அங்கெல்லாம் இருந்த இந்தப் பெரணி ஒவ்வோர் இடமாக இல்லாமல் போனது. சுற்றிலும் தண்ணீர் நின்றதால் இங்கே மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. வடக்குப் பார்த்த ஒரு பாறைப் பிளவில், நீர் கசிகிற இடத்தில், பத்தொன்பது செடிகள். வேறெங்கும் இருப்பதாக இதுவரை யாரும் கண்டதில்லை.

உயரம் என் உள்ளங்கை அளவுதான். தண்டு கறுப்பு, தலைமுடியைவிடக் கொஞ்சம் கனம். இலை வெங்காயத் தோல்போல மெல்லியது; பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிறது. வெயில் ஏறினால் சுருண்டு, கருகினதுபோல ஆகிவிடும். வந்த அன்று அப்படிப் பார்த்துவிட்டு எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை பனி இறங்கியதும் ஒவ்வொன்றாக விரிந்தது. தூங்கி எழுகிற குழந்தை கைவிரலைத் திறப்பதுபோல. இந்த வித்தையை வைத்துக்கொண்டு எத்தனை கோடையைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் இந்த வருஷம் மழை இல்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு மண்திட்டு முதுகைக் காட்டத் தொடங்கிவிட்டது. அது முழுக்க வெளியே வந்தால் பன்றிகள் கால் நனையாமல் நடந்து வரும். ஒரே நாள் போதும்.

பெரணிக்கு விதை கிடையாது. இலைக்கு அடியில் பொட்டுப் பொட்டாகத் தூள் பிடிக்கும். அதுதான் அதன் வித்து. இப்போது பச்சையாக இருக்கிறது. பழுக்க மே மாதம் நடுவில் ஆகும். பழுத்த இலை ஒன்று கிடைத்தால் கல்லூரி ஆய்வகத்தில் முளைக்க வைக்கலாம். முந்திப் பறித்தால் தூள் வீண். பிந்தினால் காற்று கொண்டுபோகும். அதுவரை காவல்.

செடிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நாற்பது நாள் ஆழ்கடலுக்குப் போகும்போது, "மீன்தானே, சந்தையில் கிடைக்கும்" என்று நான் ஒருநாளாவது சொன்னதுண்டா?

காலை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள்.

டெல்சி


இனயம்,
12 ஏப்ரல் 2024

டெல்சி,

அந்த 'மீன்தானே' வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வாய்க்கொழுப்பு" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

படகு நானில்லாமல் போய்விட்டது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன். கரையிலிருந்து பார்த்தால் கடல் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது! உள்ளே இருக்கும்போது அப்படித் தோன்றியதே இல்லை. அங்கே எப்போதும் ஒரு வேலை இருக்கும். நீ இத்தனை வருஷம் இங்கே எப்படி இருந்தாய்?

போகட்டும். பன்றிக்கு ஒரு வழி சொல்கிறேன். வலைக்கூடத்தில் பழைய இழுவை வலை கிடக்கிறது. தடித்த நூல், சிறிய கண். உன் மண்திட்டுக்குக் குறுக்கே கட்டினால் போதும், பன்றி நின்றுவிடும். அபிலாஷிடம் சொன்னால் டெம்போவில் ஏற்றி விடுவான்.

லிஜின்


தீவு,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள லிஜின்,

வலை வேண்டாம். அனுப்பிவிடாதீர்கள்.

வலை என்றால் பிடிப்பதற்குத்தானே? தண்ணீர் குடிக்க வருகிற மிளா மான் ஒன்று அதில் கால் சிக்கி விழுந்தால்? ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்ல நான் இங்கே வரவில்லை. வனத்துறையும் விடாது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று சொல்லமாட்டேன். நீங்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

திட்டு வெளியே வந்துவிட்டது. நேற்று ஈர மண்ணில் முதல் குளம்புத் தடம் கண்டேன். பாதி தூரம் வந்து திரும்பியிருக்கிறது. கிருஷ்ணமணி அண்ணனும் நானும் முறை வைத்துத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கை கொப்பளித்துவிட்டது. கோபமாக எழுதுகிறேன் என்றால் உங்கள் மேல் இல்லை.

டெல்சி


இனயம்,
22 ஏப்ரல் 2024

டெல்சி,

நான் யோசிக்கவில்லை என்று நீ எழுதியது சரி. அதனால் உட்கார்ந்து யோசித்தேன்.

தளர்ந்த வலைதான் பிடிக்கும். இறுகிய வலை தடுக்கும். வலையை மூன்று மடிப்பாக மடித்து, மேலும் கீழும் கயிறு கோத்து, கம்பங்களில் முரசுத் தோல்போல இழுத்துக் கட்டினால் எந்தக் காலும் நுழையாது. மேல்கயிற்றில் வெள்ளை மிதவைகளைக் கட்டித் தொங்கவிட்டால் மிளா தூரத்திலேயே பார்த்து ஒதுங்கும். பன்றி அடியில் முட்டும்; அதற்கு அடிக்கயிற்றின் மேல் கல் அடுக்க வேண்டும். இதை அப்படியே உன் வனத்துறை அதிகாரியிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

சனிக்கிழமை மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது.

லிஜின்


தீவு,
5 மே 2024

அன்புள்ள லிஜின்,

நல்லதை முதலில் எழுதுகிறேன்.

அதிகாரி உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "இது யாரு, இன்ஜினியரா?" என்றார். "ஆழ்கடல் மீன்பிடிக்காரர், என் வீட்டுக்காரர்" என்றேன். அனுமதி கிடைத்தது.

உங்கள் கூட்டாளிகள் அபிலாஷும் டெனிஷும் வலையோடு வந்து இறங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடல் மணக்க மணக்க ஒரு வலை காட்டுக்குள் ஏறி வருகிறது! கிருஷ்ணமணி அண்ணன் அதை மோந்து பார்த்துவிட்டு, "இந்த நாத்தம் போதும், பன்னி வராது" என்றார். ஒரே பகலில் கட்டி முடித்தார்கள். முடித்ததும் அபிலாஷ், "அந்தச் செடிய ஒருக்கா காட்டுங்க" என்றான். கூட்டிப்போனேன். குனிந்து பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இதுக்காக்கும் இம்புட்டு பாடு?"

"இதுக்குத்தான்."

"ஈஸ்டருக்கு நான் சிரிச்சத மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றான். இப்போது அவன் சிரிக்கவே இல்லை. வெகுநேரம் அங்கேயே நின்றான்.

வலை நின்றது. மூன்று முறை பன்றி வந்து முட்டிப் பார்த்துத் திரும்பியது.

இனிக் கெட்டது. தண்ணீர் இன்னும் இறங்கியது லிஜின். திட்டு அகலமாகிவிட்டது. வலை முடிகிற இடத்துக்கு அப்பால் புதிதாகச் சேறு வெளியே வந்து காய்ந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை அந்த வழியாக ஒரு பன்றி குட்டிகளோடு நுழைந்துவிட்டது. நான் ஓடிப்போய்ச் சேரும்போது பிளவின் கீழ்ப்பகுதி முழுக்க உழுத வயல். பிய்ந்து கிடந்தவற்றை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் எல்லாம் கறுத்துவிட்டன. மேல் இடுக்கில் நான்கு செடிகள் மிச்சம். அதில் ஒன்றில் மட்டும்தான் பொட்டுப் பிடித்த இலைகள்.

வலையில் குறையில்லை. குறை என்னுடையது. உடம்பும் சரியில்லை. நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அங்கே ஒரு மனுஷனுக்காவது நான் உதவுவேன்.

டெல்சி


இனயம்,
8 மே 2024

டெல்சி,

வராதே.

ஆழ்கடலில் வலை கிழிந்தால் நாங்கள் படகைத் திருப்புவதில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து தைப்போம். நான்கு செடி என்பது ஒன்றுமில்லாதது அல்ல. பத்தொன்பதைக் காத்தவளுக்கு நான்கைக் காக்கத் தெரியாதா?

இன்னொன்று. உன்னைப்போல ஒருத்தி என் படகில் இருந்தால் எந்தக் கடலுக்கும் போவேன். இதை நேரில் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

மிச்ச வலையை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கால் தாங்கும். அம்மா கத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிஜின்


இனயம்,
14 மே 2024

அன்புள்ள லிஜின்,

நம் வீட்டுக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். எவ்வளவு வேடிக்கை! நீங்கள் என் பாறையில், நான் உங்கள் தலையணையில்.

நீங்கள் வந்து சேர்ந்த அன்று, காய்ச்சலில் கிடந்த என்னைத் தெப்பத்தில் தூக்கி உட்கார வைத்தீர்களே, அதற்குப்பிறகு ஆஸ்பத்திரி வரை நடந்தது எதுவும் நினைவில் இல்லை. டெங்கு என்றார்கள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்தால் சுவர் சுற்றுகிறது. மாமி பக்கத்திலேயே இருக்கிறார். நேற்று நெத்திலிக் குழம்பு வைத்து, நான் சாப்பிடச் சாப்பிடப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீ அங்க கெடந்து செத்திருந்தா, அந்தச் செடிய நானே போயி பிடுங்கியிருப்பேன்." இதைவிட அன்பாக என்னிடம் அவர் பேசியதில்லை.

நீங்கள் அங்கே நிற்பதற்கு அதிகாரி அனுமதித்தது பெரிய காரியம். இனி நான் சொல்வதைக் கவனியுங்கள்.

காலையில் இலை விரிந்திருக்கும்போது மட்டும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொடாதீர்கள், குனிந்து பாருங்கள். பொட்டுகள் முற்றிய தேங்காய்ச் சிரட்டை நிறத்துக்கு வர வேண்டும். அடியிலிருந்து நுனி நோக்கித்தான் பழுக்கும். முக்கால் பங்கு வந்தால் போதும். ஒரே ஓர் இலை. மற்றவை செடிக்கு. பிளேடால் தண்டை வெட்டி, வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மடியுங்கள். என் பெட்டியில் தாள் இருக்கிறது.

மழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மழை வந்தால்தான் திட்டு முங்கும், தீவு பிழைக்கும். ஆனால் இலை பழுக்குமுன் பலத்த மழை அடித்தால் தூளெல்லாம் கழுவிக்கொண்டு போகும். வர வேண்டும் என்று ஒரு நேரம் வேண்டுகிறேன், வரக்கூடாது என்று இன்னொரு நேரம். மாதாவுக்கே குழப்பமாக இருக்கும்.

காலில் வீக்கம் வந்தால் தாமதிக்காமல் இறங்கிவிடுங்கள். இது செடியைவிட முக்கியம்.

டெல்சி


தீவு,
19 மே 2024

என் டெல்சிக்கு,

இந்தக் கடிதத்தோடு கிருஷ்ணமணி அண்ணன் கொண்டுவருகிற தகரப் பெட்டியை மேசைமேல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திற. மற்றதை வாசித்துவிட்டுத் திறந்தாலும் சரி. நீ முதலில் பெட்டியைத்தான் திறப்பாய், எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் பார்த்தேன். அடியில் சிரட்டை நிறம், நடுவில் மஞ்சள், நுனி பச்சை. இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்று நினைத்தேன். வானம் தெளிவாக இருந்தது. கடலில் என்றால் மேகம் எழுவதை ஒரு நாள் முன்னால் சொல்வேன். இங்கே மலை எல்லாவற்றையும் மறைத்துக்கொள்கிறது. மத்தியானம் கிருஷ்ணமணி அண்ணன் திடீரென்று கையை உயர்த்தி, "சத்தம் கேளுங்க. மரத்துமேல நடந்து வருது" என்றார். தூரத்தில் அரிசி கொட்டுவதுபோல ஒரு சத்தம். மழை.

கூடாரத்தின் தார்ப்பாயை அறுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் நொண்டினேன். பிளவுக்கு மேலே ஒரு முனையை அவர் பிடித்தார், கீழே நான். காற்று அதைப் பாய்மரம்போல இழுத்தது. ஒடிந்த காலைப் பாறையில் ஊன்றி, முதுகால் பாயைத் தாங்கி நின்றேன். என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த நான்கு செடிகள். மழை வெளுத்து வாங்குகிறது, அதுகள் மேல் ஒரு துளி விழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "விடலாம், கை மரத்துப்போச்சு" என்று அவர் கத்தினார். "கொஞ்சம் பொறுங்க அண்ணா" என்று நான் கத்தினேன். இருவரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டு நின்றோம்.

பிறகு அந்தப் பாயைக் கம்புகளில் கட்டிக் கூரையாக்கினோம். வெள்ளியும் மழை, சனியும் மழை. உன்னிடம் கேட்க வழியில்லை. பொட்டுகள் பாதிக்குமேல் பழுத்துவிட்டன, நீ சொன்ன முக்கால் ஆகவில்லை. இன்று விடிந்ததும் காற்று மேற்கிலிருந்து திரும்பி, பாயின் அடியில் சாரலை அடிக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நாள் இருந்தால் ஒன்றும் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றியது. மாதாவை நினைத்து வெட்டினேன். ஆள் உயரச் சூரை மீனை இழுத்துப் போட்ட கை இது. இந்த முடியளவு தண்டில் பிளேடை இரண்டு தரம் வைத்து எடுத்துவிட்டுத்தான் வெட்டியது.

சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும். தப்பாக இருந்தால் திட்டி எழுது.

வெட்டியபிறகு பாயை எடுத்துவிட்டேன். இனி அதுகளுக்கு மழை வேண்டும் இல்லையா? மழை நேராக விழுந்தது. நான்கும் எழுந்து நின்றன டெல்சி. ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி. அந்தப் பச்சைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கடலில் எத்தனையோ பச்சை பார்த்திருக்கிறேன், இது அதில் எதுவும் இல்லை. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு அழகாக இருக்கிறது. டெல்சி ஏன் மலைக்குப் போனாள் என்று இப்போது யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

திட்டு முங்கிவிட்டது. இன்று வலையை அவிழ்த்தோம். காட்டில் ஒரு நூலும் விட்டுவைக்கவில்லை. இலை காத்திருக்காது என்று பெட்டியை முந்தி அனுப்புகிறேன்; கிருஷ்ணமணி அண்ணன் திரும்பியதும் நாளைக்குத் தெப்பத்தில் கரை ஏறி, பஸ் பிடித்து வருகிறேன். வீக்கம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

லிஜின்


மார்த்தாண்டம், கல்லூரி ஆய்வகம்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள லிஜின்,

மீன் இறக்கக் கொச்சிக்கு வருவீர்கள் என்பதால் அங்குள்ள ஏஜென்ட் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் படகேறும்போது கண்ணாடித் தட்டுகளில் வெறும் பச்சைப் பாசிதான் இருந்தது. "இதுவா செடி?" என்று கேட்டீர்கள். நானும் தைரியமாகத்தான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நம்பிக்கை இல்லை. பாதித் தட்டுகளில் ஒன்றும் வரவில்லை. பழுக்காத தூள் அது. ஆனால் அன்று நீங்கள் இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் மீதிப் பாதியும் இருந்திருக்காது. அந்த வாரம் முழுக்க அங்கே மழை விடவில்லை, செடியில் விட்டுவைத்த இலைகளில் தூள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கிருஷ்ணமணி அண்ணன் சொன்னார். நீங்கள் வெட்டியது சரி. இதை முதலில் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அந்தப் பச்சை, போன மாதம் சின்னச் சின்னச் செதில்களாகப் பிரிந்தது. இந்த வாரம் ஒரு செதிலிலிருந்து சுருண்ட குருத்து ஒன்று எழுந்தது. அடுத்த நாள் ஒன்பது. இன்று காலையில் எண்ணுவதை விட்டுவிட்டேன். கறுத்த தண்டு, வெங்காயத் தோல் இலை. எல்லாம் அரிசி உயரம்தான், ஆனால் அச்சு அசல் அதேதான். தீவில் இருக்கிற நான்கும் நன்றாக இருக்கின்றன. இவை கொஞ்சம் பெரிதானதும், வருகிற வருஷம் மழைக்காலத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாறையில் வைக்கக்கூடாது என்று அதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாமி என்னோடு பஸ் ஏறி ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். "எனக்கும் காட்டு பிள்ள, எனக்க மவன் மழையில நின்ன சாதனத்த நான் பாக்கண்டாமா?" என்றார். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, தட்டை வெளிச்சத்தில் வைத்தேன். குனிந்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் மாமி."

சேலைத் தலைப்பை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்தார். மருந்து வாசம் பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். தலைப்புக்குள்ளிருந்தே சொன்னார்: "எனக்க மூச்சுக்காத்து பட்டு பறந்துபோச்சுன்னா?"

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "எனக்க மருமவளும் மவனும் வளத்தது" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் வழியிலேயே கருங்கல் ஊரில் இறங்க வேண்டியவள். கதை முடியவில்லை என்று இனயம் வரை வந்தாள்.

டெல்சி